திறந்தவர் மடக்கட்டும்

லாரல் ஃபோர்க், கென்டக்கி
9 அக்டோபர் 1973

அன்புள்ள ஐவலீ அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அம்மாவிடம் சொல்லாதீர்கள். அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சின்சினாட்டியில் குளிர் வந்துவிட்டதா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் நினைத்தேன். நான் நலமாக இல்லை.

அப்பாவின் கத்தியை உடைத்துவிட்டேன்.

அந்தக் காலையில் அப்பா ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தபோதுதான் இருமல் வந்தது. கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் அவரைக் காரில் ஏற்றி உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கத்தி மேஜையில் திறந்தபடியே கிடந்தது. அம்மா அதை அப்படியே எடுத்துச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "யாரும் தொடக் கூடாது. திறந்தவர் வந்து மடக்கட்டும்" என்றாள். இது நம் குடும்பத்தில் எல்லாரும் சொல்வதுதான், உங்களுக்குத் தெரியும். ஒருவர் திறந்த கத்தியை இன்னொருவர் மடக்கினால் இருவருக்கும் நடுவில் எதையோ மூடிவிடுவது போல.

நேற்று மழை சாய்ந்து அடித்தது. அம்மா வேலையிலிருந்து வரவில்லை. நான் ஓடிப்போய் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை இழுத்தேன். சட்டம் கத்தியின் மேலேயே இறங்கியது. பெரிய அலகு பாதியில் முறிந்தது. மிச்சப் பாதி தானாகவே பிடிக்குள் மடங்கிக்கொண்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அத்தை, அப்பா வருவார் இல்லையா?

உங்கள் ஊரில் கடைகள் நிறைய. அதே மாதிரி ஒரு மடக்குக் கத்தி, நம் நாட்டில் செய்தது, நல்லதாக, விலை அதிகமில்லாமல் கிடைக்குமா? என்னிடம் ஆறு டாலர் இருக்கிறது. பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பர்ல் கடையில்தானே தபால் ஆபீசும் இருக்கிறது, அவர் பெயருக்கு அனுப்புங்கள், அவர் எனக்கு

அம்மா கதவைத் தட்டுகிறாள்


சின்சினாட்டி
17 அக்டோபர் 1973

என் கண்ணு நோலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பாதியில் நின்றதால் பயந்துபோனேன். கையெழுத்துக்கூடப் போடவில்லை நீ. ஆனாலும் அந்த "அத்தை"யை வேறு யார் அப்படி வளைத்து எழுதுவார்கள்?

என் முழங்கால் எப்போதும் போல. ரொட்டி ஆலையில் நின்றே வேலை என்பதால் சாயங்காலம் வீங்குகிறது, காலையில் வற்றுகிறது.

உன் அம்மாவுக்கு என் வாயிலிருந்து ஒரு சொல் போகாது. சத்தியம். கடிதத்தை எரிக்கவும் செய்தேன், இரண்டு முறை படித்த பிறகு.

உன் அப்பா சாப்பிடுகிறார். ஓட்ஸ் கஞ்சியைக் கொண்டுவந்த நர்சிடம், "தாயி, இதை வச்சு ஓட்டை விழுந்த கூரையை அடைக்கலாம்" என்றாராம். அந்தப் பெண் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டுவிட்டுப் போனாளாம்.

கத்தி எனக்குத் தெரியாத விஷயம். ஆனால் கத்தி தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். பேர் சொல்லாமல் அவரிடம் விசாரித்தேன். அவர் முதலில் கேட்டது கத்தியைப் பற்றி அல்ல. "அந்தப் பொண்ணு கையை வெட்டிக்கிட்டாளா?" என்றுதான் கேட்டார். அதை எழுது. கத்தியின் அடையாளங்களையும் எழுது. ஜன்னலில் இப்போது என்ன இருக்கிறது, அதையும் எழுது.

பர்லுக்கு என் வணக்கம். அவன் பள்ளிக்கூடத்தில் என் பின்னலை மையில் முக்கினது எனக்கு மறக்கவில்லை என்று சொல்.

முத்தங்களுடன்,
ஐவலீ அத்தை


லாரல் ஃபோர்க்
24 அக்டோபர் 1973

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பர்ல் கருவாட்டை நீட்டுவது போல ஓரமாகப் பிடித்து நீட்டினார். மை விஷயத்தைச் சொன்னேன். "அவ பின்னலே வந்து மையில விழுந்துச்சு" என்கிறார்.

என் கையில் காயம் இல்லை. உங்கள் நண்பருக்கு நன்றி சொல்லுங்கள். நல்லவராக இருப்பார் போலிருக்கிறது.

கத்திக்கு மஞ்சள் பிடி. மூன்று அலகு, ஒன்று பெரிது, இரண்டு சிறிது. பெரிய அலகின் அடியில் நம் நாட்டுப் பெயர் பொறித்திருக்கும். துருப்பிடிக்காத எஃகு இல்லை, வெட்ட வெட்டச் சாம்பல் நிறமாகும் எஃகு. அப்பாவுடையது மழை மேகம் மாதிரி இருக்கும்.

ஜன்னலில் இப்போது இருப்பதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. கத்தி உடைந்த அன்றைக்கே பர்ல் கடைக்கு ஓடி மஞ்சள் பிடி போட்ட ஒன்றை வாங்கினேன். ஒரு டாலருக்கும் குறைவு, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. பர்ல் விற்கவே யோசித்தார். "பாப்பா, இது கத்தி இல்ல, கத்தி மாதிரி ஒண்ணு. வெண்ணெய் வெட்டலாம், அதுவும் வெயில் நாள்ல" என்றார். அதைத்தான் திறந்து அதே இடத்தில் வைத்திருக்கிறேன். அம்மா தினமும் பாத்திரம் கழுவி முடித்ததும் கை ஈரத்தோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்பாவின் கத்தி என்று நினைத்து. நான் திறந்ததைப் பார்த்து.

நேற்று யாரோ வாசலைத் தட்டினார்கள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம். சொந்த வீட்டு வாசல் கதவைத் தட்டுகிற ஒரே மனிதர் அப்பாதானே. சுரங்கத்திலிருந்து வந்ததும் மூன்று தட்டு தட்டி, "கரி வியாபாரி வந்திருக்கேங்க, வீட்டுக்காரம்மா இருக்காங்களா?" என்பார். "கரி வேண்டாம், ஆள் மட்டும் உள்ள வரட்டும்" என்று துண்டை நீட்டுவாள் அம்மா. நேற்று தட்டியவர் பைபிள் விற்கிறவர். அம்மா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோலா


சின்சினாட்டி
6 நவம்பர் 1973

கண்ணு நோலா,

சுகம்தானே? சளிக்கு வெங்காயச் சாறு குடிக்கிறாயா, அல்லது எப்போதும் போல ஜன்னல் வழியாக ஊற்றுகிறாயா?

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். கோடையில் படம் காட்டுகிற திறந்த மைதானத்தில் குளிர்காலம் முழுக்கப் பழைய சாமான் விற்கிறார்கள். என் நண்பர் எனக்குப் பாடமே நடத்தி அனுப்பியிருந்தார். மடக்கின கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடி, பிடிக்கும் அதன் முதுகில் இருக்கும் வில்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடு. அலகை ஆட்டிப் பார், ஆடக் கூடாது. மடக்கும்போது கடைசியில் "டக்" என்று சொல்ல வேண்டும், முனகக் கூடாது. "துரு கொஞ்சம் இருந்தா இருக்கட்டும். சக்கரத்துல தேச்சுப் பளபளன்னு வச்சிருந்தா அவன் எதையோ மறைக்கிறான்." இதெல்லாம் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார், பாவம்.

மஞ்சள் பிடி ஒன்று கிடைத்தது. பிடியில் கழுகுப் படம்.

"இது நம்ம நாட்டுல செஞ்சதா?" என்றேன்.

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க, கழுகே போட்டிருக்கு!"

"கழுகு எங்க வேணாலும் பறக்கும். அடியில என்ன எழுதியிருக்கு, அதைக் காட்டு."

கட்டைவிரலால் அந்த இடத்தை மறைத்தான். விரலை நகர்த்தச் சொன்னேன். "உங்களுக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று முணுமுணுத்தான். வேறு நாட்டுப் பெயர்தான் இருந்தது.

பக்கத்துக் கடையில் உண்மையானது இருந்தது. ஆனால் பெட்டியோடு இருப்பதால் அலமாரியில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு என்று முப்பது டாலர் சொன்னான். நண்பரிடம் வந்து சொன்னேன். "அது கத்திக்கு விலை இல்ல, பெட்டிக்கு. பிடி உடைஞ்சதாத் தேடு. அழகு போனா சேகரிக்கிறவன் தொட மாட்டான். வெட்டுறதுக்கு அலகு போதும்" என்றார். அடுத்த ஞாயிறும் போகிறேன்.

பயப்படாதே. தூங்கு.

உன் அத்தை


லாரல் ஃபோர்க்
15 நவம்பர் 1973

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகம். வெங்காயச் சாறு பற்றி உங்களுக்கு யார் சொன்னது? அது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன்.

போலிக் கத்தி ஜன்னல் ஈரத்தில் துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அம்மா விளிம்பைத் துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைக்கிறாள். குழந்தை தூங்குகிற இடத்தைச் சுற்றிக் கூட்டுவது போல. நான் அப்போது பாடப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறேன்.

அத்தை, ஒன்று கேட்கிறேன். அப்பா ஒவ்வொரு வாரமும் அஞ்சலட்டை போடுவார். மூன்று வாரமாக வரவில்லை. அம்மாவிடம் கேட்டால், "அப்பாவுக்குக் கை வலியா இருக்கும்" என்கிறாள். கையா? அவருக்கு நுரையீரலில்தானே? நான் அந்தக் கத்தியை உடைத்த பிறகுதான் அஞ்சலட்டை நின்றது. நீங்கள் அவரைப் பார்க்கிறீர்கள். எனக்கு எழுதுங்கள்.

நோலா


சின்சினாட்டி
21 டிசம்பர் 1973

கண்ணு நோலாவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆலையில் பண்டிகைக் கேக்குகளுக்கு இரட்டை ஷிப்ட். அதோடு என் நண்பர் படுத்துவிட்டார், அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது எழுந்து உட்கார்கிறார்.

கத்தி கிடைத்துவிட்டது! மூன்று அலகு, மஞ்சள் பிடி, ஒரு மூலை உடைந்திருக்கிறது. அடியில் நம் நாட்டுப் பெயர் தேயாமல் இருக்கிறது. ஐந்து டாலர். விற்றவன் திறந்து காட்டிவிட்டு அப்படியே நீட்டினான்.

"நீங்களே மடக்கிக் குடுங்க" என்றேன்.

"ஏன், உங்களுக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. திறந்தது உங்க கை."

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மடக்கிக் கொடுத்தான். டக். நண்பர் சொன்ன அதே டக்.

உடனே அனுப்பியிருப்பேன். ஆனால் நண்பர் தானே ஒரு முறை திறந்து பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். அவர் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டார்கள், அலகின் குழியில் நகம் பிடிக்கவில்லை. நான் திறந்து தருகிறேன் என்றால், "கிட்ட வந்தே, அப்புறம் தெரியும்" என்கிறார். நகம் வளரட்டும்.

உனக்கும் அம்மாவுக்கும் கம்பளிக் கையுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஐவலீ அத்தை


லாரல் ஃபோர்க்
4 ஜனவரி 1974

அத்தைக்கு,

கையுறை சரியாக இருக்கிறது. நன்றி.

நான் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் உங்கள் நண்பரின் நகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

முன்பின் தெரியாத ஒருவர் திறந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? திறக்க வேண்டியவர் அப்பா. அவருக்குத் தெரியாமல் ஒளித்துக்கொண்டு, அவர் திறந்த கத்தி வேண்டும் என்று நான் ஆசைப்படுவது முட்டாள்தனம் என்று எனக்கே தெரியும்.

கத்தியை எப்படியாவது அனுப்புங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். எனக்கு எதுவும் தெரியவில்லை.

நோலா


லாரல் ஃபோர்க்
12 ஜனவரி 1974

அன்புள்ள ஐவலீக்கு,

நலமா? இங்கே முழங்கால் அளவு பனி. பள்ளிக்கூடம் மூடியிருப்பதால் எனக்கும் அங்கே சமையலறை வேலை இல்லை. உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது.

நோலா அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று டாக்டர் எழுதியிருந்தார். பாதி நுரையீரலோடு மனிதன் நூறு வயது இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். நீயும் நானும் பேசிக்கொண்டபடி நோலாவிடம் சொல்லவில்லை. சொல்லாதது சரிதானா என்று இப்போது தெரியவில்லை. அவள் மெலிந்துவிட்டாள்.

ஜன்னலில் இருப்பது எஸ்டிலின் கத்தி இல்லை என்று எனக்கு முதல் நாள் சாயங்காலமே தெரியும். அவர் கத்திப் பிடியில் லாரி எஞ்சின் சுட்டு உருகிய தழும்பு ஒன்று உண்டு. பதினைந்து வருடமாக அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுத் துவைத்தவள் நான். கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

பர்ல் எதையும் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குப் பொய் வராது. நான் போகும்போதெல்லாம் இலவசமாகக் காபி கொடுக்கிறான். அவன் யாருக்கும் இலவசமாகத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

நான் தினமும் நின்று பார்ப்பது அந்தத் தகரக் கத்தியைத்தான். அவள் திறந்து வைத்தது அது. அவள் கையால் மடக்குகிற நாள் வரும்வரை அதையும் நான் தொடப்போவதில்லை.

நீ எதையோ தேடுகிறாய் என்று நினைக்கிறேன். எதை அனுப்பினாலும் பர்ல் பெயருக்கே அனுப்பு. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். எஸ்டிலிடம், வீட்டில் கரி தீர்ந்துவிட்டது என்று சொல்.

அன்புடன்,
டெஸ்ஸி


சின்சினாட்டி
9 பிப்ரவரி 1974

கண்ணு நோலாவுக்கு,

உன் கோபம் நியாயம். அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இந்தப் பெட்டியில் கத்தி இருக்கிறது. ஜாக்கிரதையாகத் திற, ஏனென்றால் அது மடக்கியில்லை. செவ்வாய்க்கிழமை என் நண்பர் அதைத் திறந்தார். நகத்தைக் குழியில் வைத்து இழுத்தார். இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை நகம் பிடித்து, அலகு எழுந்து, நேராக நின்றது. அதன் பிறகு அதை யார் மடக்குவது? நான் மாட்டேன். அவரும், "இப்போ இல்ல" என்றார்.

அதனால் முனையில் ஒரு தக்கையைக் குத்தி, ரொட்டிப் பெட்டியில் துணி அடைத்து, தபால் ஆபீசுக்குக் கொண்டுபோனேன்.

"உள்ள என்னம்மா?" என்றான் கவுன்டரில் இருந்தவன்.

"மடக்குக் கத்தி."

"பெட்டி இவ்வளவு நீளமா?"

"திறந்திருக்கு."

"மடக்குக் கத்தியை மடக்கி அனுப்புறதுதானே வழக்கம்?"

"திறந்தவர் வேற ஆளு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "எந்த ஊரு நீங்க?" என்றான். லாரல் ஃபோர்க் என்றேன். அவனுடைய அம்மாவின் ஊர் நமக்கு இரண்டு மலை தள்ளி. உள்ளே போய் ஒரு சுருள் டேப் எடுத்துவந்து, பெட்டியை அவனே சுற்றிச் சுற்றி ஒட்டினான். அதற்குக் காசும் வாங்கவில்லை.

ஜன்னலில் இருக்கும் மற்றதை நீ திறந்தாய். நீயே மடக்கு. பிறகு இதை வை.

உன் அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். இதுவரை எழுதிய கடிதங்களில் அவரைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

உன் அத்தை


லாரல் ஃபோர்க்
16 பிப்ரவரி 1974

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நூறு வருடம் இருக்க வேண்டும். உங்கள் முழங்காலும்.

நேற்றுப் பெட்டி வந்தது. ராத்திரி அம்மா படுத்த பிறகு சமையலறைக்குப் போனேன். என் கத்தியை மடக்கினேன். அது முனகியது. உங்களுடையதைப் பெட்டியிலிருந்து எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.

அத்தை, துடைத்து வைத்த எஃகில் ஒரு கறை இருக்கிறது. அலகின் நடுவில், சாம்பலும் நீலமுமாக. அடியில், பிடியோடு சேருகிற இடத்தில், சிவப்பாக ஒரு தோல் துணுக்கு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. மோந்து பார்த்தேன்.

உங்கள் நண்பர் ஆப்பிளைத் தோல் அறாமல் ஒரே நாடாவாகச் சீவுவாரா? துண்டை அலகின் மேலேயே வைத்து வாய்க்குக் கொண்டுபோவாரா? அவருக்கு வெங்காயச் சாறு விஷயம் தெரியுமா?

உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துத் திரும்பப் படித்தேன். (நான் எரிக்கவில்லை.) "உன் அம்மாவுக்கு ஒரு சொல் போகாது" என்றுதான் சத்தியம் செய்திருக்கிறீர்கள். அப்பாவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. உங்கள் மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. "அந்தப் பொண்ணு கையை வெட்டிக்கிட்டாளா?" என்ற இடத்தில் வெகு நேரம் அழுதேன்.

காலையில் அம்மா ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு, "பிடியில மூலை உடைஞ்சிருக்கே" என்று தனக்குத்தானே சொன்னாள். திரும்பி என் தலையில் கையை வைத்துவிட்டு, "சரி, நல்ல அலகு" என்றாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும், அத்தை?

இதை இன்றே தபாலில் சேர்க்க நினைத்தேன். பர்ல் கடை பூட்டியிருக்கிறது. பெட்ரோலுக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருக்கும்போது வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் பக்கம் போனாராம். யாரைக் கூட்டிவர என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா சாயங்காலமே பீன்ஸ் வேகப்போட்டு, சோள ரொட்டி சுட்டிருக்கிறாள். இரண்டு பேருக்கு இது அதிகம் என்றேன். "இருக்கட்டும்" என்றாள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். மேஜையில் ஒரு ஆப்பிளை வேறு எடுத்து

வாசலில் யாரோ தட்டுகிறார்கள். மூன்று தட்டு. அம்மா எழுந்துவிட்டாள், அம்மா சிரிக்கிறாள், "கரி வேண்டாம், ஆள் மட்டும்